கார் லைசன் கட்டணம்: எதை வைத்து அளப்பது நியாயம்?

வாகனம் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் செய்யும் காரியம் ஒன்றுண்டு. காப்புறுதிப் பத்திரத்தையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கு சொல்லும் தொகையைக் கட்டி, வருமான அனுமதிப்பத்திரத்தை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது. இப்போது அதை இணையத்திலும் செய்யலாம். நாம் அதைச் சுருக்கமாக 'லைசன் எடுப்பது' என்கிறோம். எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். ஏன் அவ்வளவு என்று கேட்பவர் மிகக் குறைவு.

நான் ஹேவாஹெட்டயில் சிறு கடைக்காரர்களுக்கும் மரக்கறி வியாபாரிகளுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன். வாகனச் செலவு என்று ஒரு பக்கம் இல்லாத கணக்குப் புத்தகம் இந்த மலைப்பக்கத்தில் கிடையாது. ஆகவே இந்த விடயம் என் மேசைக்கு அடிக்கடி வரும். அண்மையில் ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "நானா, என்ட கார் பாடசாலைக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான் ஓடுது. கிழமைக்கு ஒருக்கா கண்டிக்குப் போவன். முழு நாளும் ஓடுற காருக்கும் இதே லைசன் காசுதான். இது எந்தக் கணக்கு?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் இன்றைய கணக்கு என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

இன்றைய கணக்கு

வருடாந்த அனுமதிப்பத்திரத்தின் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த வருமானத்தை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. எனவே மேல் மாகாணத்தில் கட்டும் தொகையும் மத்திய மாகாணத்தில் கட்டும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றில்லை. எங்கள் ஊர் நிர்வாகத்தில் நுவரெலியா மாவட்டம், ஹங்குராங்கெத்த பிரதேச செயலகப் பிரிவு. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் போவதோ தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு. நல்லவேளையாக இரண்டு மாவட்டங்களும் ஒரே மாகாணம்.

தனிப்பட்ட பாவனைக்கான கார் ஒன்றுக்குக் கட்டணம் தீர்மானிக்கப்படுவது பிரதானமாக இரண்டு விடயங்களை வைத்து. ஒன்று, ஆளும் சாமானும் இல்லாமல் வண்டியின் வெற்று நிறை எத்தனை கிலோ என்பது. மற்றது, அது பெற்றோலில் ஓடுகிறதா டீசலில் ஓடுகிறதா என்பது. நிறை கூடினால் கட்டணம் கூடும். டீசல் என்றால் இன்னும் கூடும். வண்டியின் விலை என்ன, அது வருடத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பவற்றை இந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

டீசலுக்குக் கூடுதலாக அறவிடுவதில் ஒரு நியாயம் இருந்தது. நம் நாட்டில் நெடுங்காலமாக டீசல் லீற்றருக்கு வரி குறைவு. லொறியும் பஸ்ஸும் ஓட வேண்டுமென்பதற்காக. அந்தச் சலுகையைக் கார்க்காரரும் அனுபவித்துவிடக் கூடாதென்று, பம்பில் விட்டதை லைசனில் பிடித்தார்கள். கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் இது எனக்கு விளங்குகிறது. விளங்காதது நிறை.

நிறைக்குச் சொல்லப்படும் காரணம், பாரமான வண்டி வீதியைக் கூடுதலாகப் பழுதாக்கும் என்பது. உண்மைதான், ஆனால் எவ்வளவு கூடுதலாக? அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற இடத்தில் 1958 முதல் 1960 வரை இதற்கென்றே வீதி அமைத்து, வெவ்வேறு பாரமுள்ள வண்டிகளை இரவு பகலாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் பொறியியலாளர்கள் இன்றும் சொல்லும் 'நான்காம் அடுக்கு' விதி. ஓர் அச்சில் இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் தேய்வு இரண்டு மடங்கல்ல. இரண்டை நான்கு தடவை பெருக்கி வரும் பதினாறு மடங்கு. இது ஏறத்தாழச் சரியான கைக்கணக்குத்தான், வீதிக்கு வீதி மாறும். இருந்தாலும் திசையில் சந்தேகமில்லை.

இதை எங்கள் வீதியில் வைத்துப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ உள்ள காரில் அச்சுக்கு 600 கிலோ இறங்கும். மரக்கறியோ மணலோ ஏற்றிய லொறி ஒன்றின் பின் அச்சில் 8,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காரை விடப் பதின்மூன்று மடங்கு சொச்சம். அதை நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அதாவது அந்த லொறியின் அச்சு ஒரு தடவை கடந்து போனால் வீதிக்கு வரும் தேய்வு, கார் முப்பதாயிரம் தடவை கடந்து போவதற்குச் சமம். காரை 1,800 கிலோ உள்ள பெரிய ஜீப்பாக மாற்றிப் பார்த்தாலும் லொறியின் அச்சு ஆறாயிரம் மடங்குக்கு மேல் நிற்கிறது. சிறிய காருக்கும் பெரிய காருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் லொறிக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

லொறிக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. லொறி இல்லாவிட்டால் எங்கள் லீக்ஸும் கரட்டும் தோட்டத்திலேயே அழுகும். மலைநாட்டு வீதிகளை அழிப்பதில் லொறிக்குப் போட்டியாக மழைத்தண்ணீரும் இருக்கிறது. கான் அடைபட்டால் தார் போட்டு ஆறு மாதத்தில் குழி விழும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை வீதிகள் மண்சரிவில் அறுந்தன என்பதை நாமெல்லோரும் கண்டோம். அவற்றுக்கும் கார்களின் வெற்று நிறைக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் 1951இல் ஏன் நிறையைப் பிடித்தார்கள்? என் அபிப்பிராயம், நிறை என்பது அன்று வசதியின் அடையாளமாகவும் இருந்தது என்பதுதான். பெரிய கார் பெரிய மனிதருடையது. சின்னக் கார் குமாஸ்தாவுடையது. தராசில் வைத்தால் ஆளின் தரம் தெரிந்துவிடும். இன்று அந்தத் தராசு பொய் சொல்கிறது. மாரஸ்ஸனயில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பழைய டீசல் வேன் பாரமானது. அதன் விலை குறைவு. கோடி ரூபா கொடுத்து வாங்கும் புதுக் கார் அதை விட இலேசாக இருக்கலாம். மின்சாரக் காரிலோ பற்றரியின் பாரமே பல நூறு கிலோ.

சி.சி. கணக்கின் கதை

நிறை சரியில்லை என்றால் உடனே பலர் சொல்வது, "சி.சி.யைப் பார்த்துப் போடுங்கள்" என்று. இயந்திரம் பெரிதென்றால் வரி பெரிது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வழியில் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பிரித்தானியாவில் 1921 முதல் கார்களுக்குக் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் என்று வருடாந்த வரி விதித்தார்கள். ஆனால் அந்தக் குதிரைவலுவை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எத்தனை சிலிண்டர் என்பதையும் வைத்துக் கடதாசியில் போட்ட கணக்கு அது. விலை மலிவான அமெரிக்க ஃபோர்ட் மொடல் ரீ காருக்கு அந்தக் கணக்கில் 22 பவுணுக்கு மேல் வந்தது. ஒஸ்டின் செவனுக்கு 8 பவுண். பொறியியலாளர்கள் சும்மா இருப்பார்களா? சிலிண்டரை ஒடுக்கி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை நீட்டினார்கள். வலு குறையவில்லை, வரி குறைந்தது. ஒஸ்டின் டென், மொரிஸ் எய்ட் என்று நம் பாட்டன்மார் காலத்துக் கார்களுக்கு வந்த பெயர்களில் இருக்கும் இலக்கங்கள் உண்மையில் வரிக்கணக்கின் இலக்கங்களே. கடைசியில் 1948இல் அதைக் கைவிட்டு, எந்தக் காரானாலும் 10 பவுண் என்று வைத்தார்கள்.

ஜப்பானில் வருடாந்த வரி இன்றும் சி.சி.யை வைத்துத்தான். 660 சி.சி.க்கு உட்பட்ட 'கெய்' வகைச் சிறு கார்களுக்கு மட்டும் மிகக் குறைந்த வரி. 1990 முதல் எல்லை 660 சி.சி.யாக இருப்பதால் அந்த நாட்டுக் கம்பனிகள் அந்த எல்லைக்குள்ளேயே உயரமாக, இடவசதியாக, டர்போவும் ஹைபிரிட்டும் பூட்டிக் கார்களைச் செய்யப் பழகிவிட்டன. நம் மலைவீதிகளில் இன்று எங்கு பார்த்தாலும் ஓடும் ஜப்பான் வாகன் ஆர் கார்கள் ஏன் அந்த அளவில் இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? டோக்கியோவில் போட்ட ஒரு வரிக்கோடுதான் காரணம்.

இதில் தெரிவது என்னவென்றால், வரி எதை அளக்கிறதோ அதற்குத் தக்கபடி கார் உருமாறும். வரி எதற்காகப் போடப்பட்டதோ அது கையில் அகப்படாமல் நழுவும். அதற்கு மேல் மின்சாரக் காருக்கு சி.சி. என்ற ஒன்றே கிடையாது.

எல்லோருக்கும் ஒன்று என்றால்?

பிரித்தானியர் 1948இல் செய்ததைப்போல எல்லாக் காருக்கும் ஒரே தொகை வைத்தால் கணக்குச் சுலபம், கருமபீடத்தில் வாக்குவாதமும் இருக்காது. சுலபமானதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதற்கு உதாரணம் தேடி நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கண்டி வரை போனால் போதும்.

1848இல் டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக இருந்தபோது வீதிக் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாட்கள் வீதியில் வேலை செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். ஏழை விவசாயிக்கும் மூன்று சிலிங், தோட்ட முதலாளிக்கும் மூன்று சிலிங். அந்தக் காலத்தில் ஹேவாஹெட்டப் பக்கமெல்லாம் கோப்பித் தோட்டம். வீதி வேண்டியிருந்தது கோப்பி மூட்டையைக் கண்டிக்கு இறக்குபவருக்கு. கிராமத்தவனுக்கு ஒற்றையடிப் பாதை போதுமாயிருந்தது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று வந்தவற்றோடு இதுவும் சேர்ந்து மாத்தளையில் கிளர்ச்சியாக வெடித்தது. புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த வருடம் ஆகஸ்ட் 8ஆம் திகதி. டொரிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

அன்று மக்கள் எதிர்த்தது வீதியை அல்ல. பாவிப்பவனுக்கும் பாவிக்காதவனுக்கும், உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவுகோல் வைத்ததைத்தான்.

பாவிப்பு, வசதி, புகை

ஆக ஒரு வருடாந்த வரிக்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வீதியை எவ்வளவு பாவிக்கிறாய்? கட்ட எவ்வளவு வசதி இருக்கிறது? காற்றை எவ்வளவு கெடுக்கிறாய்? இந்த மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கப் போவதுதான் தவறு என்பது என் கருத்து. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அளவுகோல் வேண்டும்.

பாவிப்புக்குரிய அளவுகோல் ஓடிய தூரம். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: பெற்றோல் பம்ப். ஒவ்வொரு லீற்றரிலும் வரி சேர்ந்தே வருகிறது. கூட ஓடினால் கூடக் கட்டுகிறோம். எனவே மேற்படி ஆசிரியர் குறைவாகத்தான் கட்டுகிறார், அது லைசனில் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. எரிபொருள் வரி போவது கொழும்புக்கு, மத்திய அரசாங்கத்துக்கு. லைசன் பணம் போவது மாகாணத்துக்கு. 'ஏ', 'பி' தர வீதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்க்கிறது; 'சி', 'டி' தர வீதிகளை மாகாணம் பார்க்கிறது; அதற்கும் உள்ளே இருக்கும் பாதைகள் பிரதேச சபைக்குரியவை. நாம் ஓடும் தூரத்துக்கேற்ப வளரும் வருமானம் ஒரு பெட்டிக்கும், எங்கள் தோட்டத்துப் பாதைகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பு இன்னொரு பெட்டிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வசதிக்குரிய அளவுகோல் காரின் பெறுமதி. இதைத் தவிர வேறொன்றும் அவ்வளவு நேர்மையாகப் பேசாது. தமிழ்நாட்டில் கார்களுக்கு ஆயுள் வரியைப் பெறுமதியின் வீதமாகத்தான் எடுக்கிறார்கள். 2023 நவம்பரில் திருத்தியபோது ஐந்து இலட்சம் இந்திய ரூபா வரையான காருக்கு 12 வீதம், இருபது இலட்சத்துக்கு மேற்பட்டதற்கு 20 வீதம் என்று வைத்தார்கள். அது ஒரே தடவையில் முழுவதையும் கட்டும் முறை. நான் சொல்வது வருடாவருடம் சிறிது சிறிதாக. உதாரணத்துக்கு ஆயிரம் ரூபாவுக்கு இரண்டு ரூபா என்று வைத்துக்கொண்டால், 15 இலட்சம் பெறுமதியுள்ள காருக்கு 3,000 ரூபா, இரண்டு கோடி பெறுமதியுள்ள காருக்கு 40,000 ரூபா.

இதில்தான் நம் நாட்டுக்கேயுரிய ஒரு பொறி இருக்கிறது. எங்கும் கார் பழசானால் விலை இறங்கும். நம் நாட்டில் ஏறியது! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பாவித்த கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. வாங்கிய விலையை விடக் கூட விற்றவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. சந்தை விலையை வைத்து வரி போட்டிருந்தால், விற்காமல் பழைய காரையே ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு சதமும் இலாபம் காணாமல் வருடாவருடம் கூடுதலாகக் கட்டியிருப்பார்.

பதிவு செய்தபோது இருந்த ரூபா விலையை வைத்தாலும் சரிவராது. 2018 ஆரம்பத்தில் டொலர் ஒன்று 155 ரூபா அளவில். 2025இல் 300 ரூபா அளவில். பத்தாயிரம் டொலர் பெறுமதியான அதே கார், ஒன்று பதினைந்தரை இலட்சம், மற்றது முப்பது இலட்சம் என்று பதிவாகியிருக்கும். வரியைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெருக்கும்.

எனவே சுங்கத்தில் பதிவான வெளிநாட்டு நாணயப் பெறுமதியை எடுத்து, எல்லாக் காருக்கும் பொதுவான ஒரே மாற்று வீதத்தில் ரூபாவாக்கி, வயதுக்கேற்ப ஓர் அட்டவணைப்படி கழித்துக்கொண்டு போவதே வழி. வருடத்துக்குப் பத்து வீதம் கழித்தால் பத்து வருடத்தில் நூறு ரூபா முப்பத்தைந்தாகிவிடும். மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து விலை சொல்லும் முறை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் விளைவு என்னவென்று நான் எழுதத் தேவையில்லை. பெறுமதியைப் பார்ப்பது அரசாங்கத்துக்குப் புதிய காரியமும் அல்ல. இன்று இறக்குமதியில் அறவிடும் சொகுசு வரியே காரின் பெறுமதியை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது.

மூன்றாவது, புகை. 2018ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ், 2019 ஜனவரி முதல் காபன் வரி என்று ஒன்று லைசனோடு சேர்த்து அறவிடப்பட்டது பலருக்கு ஞாபகமிருக்கும். சி.சி., எரிபொருள், வண்டியின் வயது ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கு. கார் பழசென்றால் கூடுதல், டீசல் என்றால் கூடுதல், புது ஹைபிரிட்டுக்குக் குறைவு. ஒரு வருடம் ஓடியது. ஆட்சி மாறி, 2020 ஜனவரி முதல் அது நீக்கப்பட்டது.

அந்த வரியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன், கணக்கை ஏற்கவில்லை. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் பழைய கார் வருடத்துக்கு 3,000 கிலோமீற்றர் ஓடினால் 300 லீற்றர் எரியும். லீற்றருக்கு 20 ஓடும் புது ஹைபிரிட் 25,000 ஓடினால் 1,250 லீற்றர். பெற்றோல் ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். முதலாவதிலிருந்து 690 கிலோ, இரண்டாவதிலிருந்து 2,875 கிலோ. ஆனால் காபன் வரியைக் கூடுதலாகக் கட்டியவர் முதலாமவர்! எரியும் லீற்றருக்குத்தான் காபன். அதை அளக்கும் இடமும் பம்ப்தானே தவிர லைசன் கருமபீடமல்ல.

கறுப்புப் புகை வேறு விடயம். ஒரே லீற்றரில் ஒரு வண்டி சுத்தமாக எரிக்கும், இன்னொன்று ஊரையே இருமவைக்கும். 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஆரம்பமான புகைப் பரிசோதனை இதைத்தான் அளக்கிறது. இப்போது அதில் சித்தி, சித்தியில்லை என்ற இரண்டுதான் உண்டு. அந்த அளவீட்டையே வரியோடு இணைத்து, நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்குக் கழிவு கொடுத்தால் மக்கள் இன்ஜெக்டரை நேரத்துக்குப் பார்ப்பார்கள். வண்டி பழசு என்ற காரணத்துக்காக மட்டும் தண்டிப்பது, புதுக் கார் வாங்க வசதியில்லாதவரைத் தண்டிப்பதுதான். காபன் அளவை மட்டும் நம்பினால் வேறொரு பள்ளமும் உண்டு. பிரித்தானியா 2001இல் அப்படி மாறியது. கம்பனிகள் காபனைக் குறைத்துக்கொண்டே வந்தன. கடைசியில் புதிய கார்களில் பெரும்பகுதி வருடாந்த வரியே கட்டாத நிலைக்கு வரப்போகிறது என்று கண்டு, 2017 ஏப்ரலில் பெரும்பாலானவற்றுக்கு மீண்டும் ஒரே தொகைக்குத் திரும்பினார்கள். நாற்பதாயிரம் பவுணுக்கு மேற்பட்ட கார்களுக்கு மட்டும் சில வருடங்களுக்கு மேலதிகக் கட்டணம்.

மின்சாரக் கார் வந்த பிறகு

இந்தக் கணக்கையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். இறக்குமதிக் கதவு திறந்த பிறகு கண்டி நகரத்தில் மின்சாரக் கார்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன. அவை நல்லவைதான், புகையில்லை, சத்தமில்லை. ஆனால் பம்புக்கு வராத கார் பம்பில் வரி கட்டாது. பெற்றோல் கார் வைத்திருக்கும் சின்ன மனிதர் லீற்றருக்கு லீற்றர் வீதிக்குக் காசு கொடுக்க, பக்கத்தில் போகும் புது மின்சாரக் கார் கொடுக்காமல் போகும். இன்று எண்ணிக்கை குறைவு. கூடிய பிறகு வரி போடப் போனால், 'ஊக்குவித்து வாங்கவைத்துவிட்டு இப்போது கழுத்தைப் பிடிக்கிறார்கள்' என்று குற்றச்சாட்டு வரும். அதுவும் நியாயமாகவே இருக்கும்.

மற்ற நாடுகள் இதைக் கண்டுகொண்டன. நியூசிலாந்தில் டீசல் வண்டிகளுக்கு நெடுங்காலமாகவே கிலோமீற்றர் கணக்கில் வீதிக் கட்டணம். 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களையும் அதற்குள் சேர்த்து ஆயிரம் கிலோமீற்றருக்கு 76 நியூசிலாந்து டொலர் என்று வைத்தார்கள். பிரித்தானியாவும் 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் காருக்கு மைலுக்கு மூன்று பென்ஸ் அறவிடப்போவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது.

கிலோமீற்றர் கணக்குக்கு எதிராக நம் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. மலையில் இருப்பவன் ஆசைக்கு ஓடுவதில்லை. பெரியாஸ்பத்திரி கண்டியில், வங்கி வேலை கண்டியில், பிள்ளையின் ரியூஷன்கூடக் கண்டியில். மாலை மங்கினால் பஸ் அரிது. கொழும்பில் ஐந்து கிலோமீற்றரில் முடியும் காரியத்துக்கு நாம் போய்வர ஐம்பதுக்கு மேல் ஓடுகிறோம். இது உண்மை. ஆனால் இந்த அநீதி பெற்றோல் பாவிப்பவருக்கு இன்றும் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது எரியும் மேலதிக எண்ணெய்க்கும் சேர்த்தே வரி கட்டுகிறோம். அதற்குப் பரிகாரம், வருடத்தில் முதல் சில ஆயிரம் கிலோமீற்றரைக் கட்டணமின்றி விடுவது. லீற்றர் கணக்கில் அப்படி விடமுடியாது. மீற்றர் கணக்கில் விடலாம்.

ஆகவே என் கணக்கு இப்படி வருகிறது. அனுமதிப்பத்திரச் செலவுக்கென எல்லோருக்கும் ஒரு சிறு தொகை. அதற்கு மேல் அட்டவணைப்படி தேயும் பெறுமதிக்கு ஒரு வீதம். புகைப் பரிசோதனையில் நல்ல பெறுபேறு இருந்தால் கழிவு. பெற்றோல், டீசல் கார்களின் தூரத்தைப் பம்ப் பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு பங்கு மாகாணத்துக்கு வர வேண்டும். டீசல் வரியையும் பெற்றோல் வரியையும் சமமாக்கும் காலத்தில் டீசல் காருக்கான மேலதிக லைசன் கட்டணத்தை எடுத்துவிடலாம். மின்சாரக் காருக்கு மட்டும் தூரக் கட்டணம். நிறையைக் கார்களை விட்டுவிட்டு லொறிகளின் அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவும் மரக்கறி விலை ஏறாத அளவுக்குப் பார்த்துத்தான். ஒரு மாகாணம் தனியே பெறுமதி வரி வைத்தால் பெரிய கார்களெல்லாம் அடுத்த மாகாணத்து விலாசத்தில் பதிவாகிவிடும். ஆதலால் அட்டவணை நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் அடுத்த சிரமம். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு பல வருடங்களாகத் தேர்தல் நடக்காமல், ஆளுநரின் கீழேயே நிர்வாகம் போனது. நாம் கட்டும் லைசன் கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க நாம் தெரிவு செய்த ஓர் உறுப்பினர் அந்தக் காலத்தில் இருக்கவில்லை.

ஆனாலும் சபை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் இருக்கிறது. வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு காரின் மீற்றர் எண்ணையும் அங்கேயே குறித்து, அனுமதிப்பத்திரப் பதிவோடு சேர்த்து வைக்கலாம். மின்சாரக் காருக்குப் புகை கிடையாது. அதற்குக் காப்புறுதி புதுப்பிக்கும்போது குறிக்கலாம். இரண்டு மூன்று வருடத்துப் பதிவு சேர்ந்தால், எந்தக் கார் எவ்வளவு ஓடுகிறது, எந்தப் பிரதேசத்தார் எவ்வளவு தூரம் ஓட நிர்ப்பந்திக்கப்படுகிறார்கள் என்பதெல்லாம் ஊகமாக இல்லாமல் இலக்கமாகக் கையில் இருக்கும். பாவித்த கார் வாங்கப்போகிறவர்களுக்கும் அதில் ஓர் உபகாரம் உண்டு: விற்பவர் மீற்றரைப் பின்னுக்குத் திருப்பியிருந்தால் போன வருடத்துப் பதிவிலேயே பிடிபட்டுவிடும்.